இன்னும் தீராததைச் சாட்சியாகச் சொல்லலாமா?

அன்பான அண்ணனுக்கு,

இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம். நீங்கள் எழுதுவதை என் மகள் போனில் எடுத்துத் தருவாள், படிப்பேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை.

எங்கள் சபையில் நான் பெண்கள் ஐக்கியச் செயலாளர். வீட்டுக்காரர் சேகரக் கமிட்டியில் இருக்கிறார். இரண்டு வருஷமாக மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறேன். உள்ளூரில் பார்த்தால் தெரிந்துவிடும் என்று வேறு ஊருக்குப் போய் டாக்டரைப் பார்க்கிறோம். மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து, ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். "பிள்ளைக்கு வரன் பார்க்கிற நேரம், யாருக்கும் தெரிய வேண்டாம்" என்கிறார் வீட்டுக்காரர். அவரையும் குறை சொல்ல முடியவில்லை.

போன மாதம் உபவாசக் கூட்டத்தில் ஒரு சகோதரி எழுந்து, "விசுவாசத்தோடு மாத்திரையைத் தூக்கிப் போட்டேன், அன்றைக்கே கர்த்தர் சுகம் தந்தார்" என்று சாட்சி சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து அன்று ராத்திரி மாத்திரை போடவில்லை. அடுத்த இரண்டு நாளும் போடவில்லை. நாலாம் நாள் தாங்க முடியாமல் திரும்ப எடுத்தேன்.

அண்ணன், என் விசுவாசம் பொய்யா? கிருபைக்குள் இருக்கிறவளுக்குக் காலையில் எழுந்திருக்கவே ஏன் மனசு வரமாட்டேன் என்கிறது? இதை யாரிடமாவது சொல்லலாமா? விசுவாசி தன் பலவீனத்தை வெளியே பேசினால் கர்த்தருடைய நாமம் தூஷிக்கப்படும் என்று எங்கள் சபைப் பெரியவர் ஒருவர் சொல்வார். பொறுப்பிலிருந்து விலகிவிடலாமா என்றும் யோசிக்கிறேன். பெயர் போடாமல் பதில் எழுதுங்கள்.

ஒரு சகோதரி

*

அன்புள்ள சகோதரிக்கு,

ஸ்தோத்திரம். முதலில் மாத்திரை விஷயம், மற்றதெல்லாம் அப்புறம். தயவுசெய்து அதை நிறுத்தாதீர்கள். இரண்டு வருஷமாக எடுத்துக்கொண்டிருக்கும் மருந்தைத் திடீரென்று விட்டால் தலைசுற்றும், தூக்கம் கெடும், காரணமே இல்லாமல் பதறும். அதனால்தான் இந்த மருந்துகளை டாக்டர் சொல்லும் அளவில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். நாலாம் நாள் உங்களால் தாங்க முடியாமல் போனதற்கும் உங்கள் விசுவாசத்துக்கும் சம்பந்தம் இல்லை. அடுத்த முறை போகும்போது, மூன்று நாள் விட்டதையும், காலையில் எழுந்திருக்க மனசு வராததையும் டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். உயிரோடு இருந்து என்ன என்கிற எண்ணம் எப்போதாவது வந்தால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே வீட்டுக்காரரை எழுப்பிச் சொல்லுங்கள். அரசாங்கத்தின் டெலி மானஸ் உதவி எண் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள்.

உபவாசக் கூட்டத்தில் சாட்சி சொன்ன சகோதரிக்குக் கிடைத்த சுகத்தை நான் சந்தேகப்படவில்லை. கர்த்தர் சுகம் தருகிறவர்தான். ஆனால் ஒருவருக்குக் கிடைத்ததை எல்லாருக்கும் சட்டமாக்கிவிட்டால், கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாரோ ஒருவர் அன்றைக்கு ராத்திரி மாத்திரையைப் போடாமல் படுப்பார். அதற்கு நீங்களே சாட்சி. அப்போஸ்தலனாகிய பவுலைப் பாருங்கள். அவருடைய உறுமால்களைக் கொண்டுபோய் வியாதிக்காரர்மேல் போட்டபோது அவர்கள் குணமானதாக அப்போஸ்தலர் 19-இல் இருக்கிறது. அதே பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, உன் வயிற்றுக்காகவும் அடிக்கடி வருகிற பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்கிறார். உனக்கு விசுவாசம் போதாது என்று ஒரு வார்த்தை இல்லை. துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாய் விட்டுவந்தேன் என்று இன்னொரு இடத்தில் எழுதுகிறார். கூட ஊழியம் செய்தவர், வியாதியோடேயே பின்தங்கிவிட்டார். பவுல் அதைச் செய்தி சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார். வேலூர் சி.எம்.சி.க்குப் பாகாயத்தில் ஒரு மனநல மையம் இருக்கிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கி, நோயைப் புரிந்துகொண்டு, கூட இருந்து பார்த்துக்கொள்கிற முறை அங்கே உண்டு. அதை நடத்துவது ஒரு கிறிஸ்தவ மருத்துவமனை. அங்கே மாத்திரை எழுதிக் கொடுக்கிறவர்களில் ஜெபிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. கிருபைக்குள் இருக்கிறவளுக்கு ஏன் இப்படி என்று கேட்கிறீர்கள். கிருபைக்குள் வந்தவருக்குப் பலவீனம் இருக்கக்கூடாது என்று யாரோ உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வேதம் அப்படிச் சொல்லவில்லை.

2 கொரிந்தியர் கடைசி நாலு அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். கொரிந்து சபையில் புதிதாகச் சில ஊழியக்காரர்கள் வந்து பெரிய ஆட்களாக உலாவிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு ஒப்பிட்டு, பவுல் கடிதத்தில்தான் பலமாய்ப் பேசுவார், நேரில் பார்த்தால் ஆளும் பலவீனம், பேச்சும் அற்பம் என்று சபையில் பேச்சு. இந்த மாதிரி நேரத்தில் நாமாக இருந்தால் என்ன செய்வோம்? எத்தனை சபை ஸ்தாபித்தேன், எத்தனை அற்புதம் நடந்தது என்று அடுக்குவோம். பவுலும் "மேன்மைபாராட்ட" ஆரம்பிக்கிறார். அடி, கல்லெறி, கப்பற்சேதம், பசி, குளிர் என்று பட்டியல் போகிறது. முத்தாய்ப்பாக, தமஸ்குவில் தன்னைப் பிடிக்க ஆள் நின்றபோது ஜன்னல் வழியாக ஒரு கூடையில் உட்காரவைத்து மதிலுக்கு வெளியே இறக்கினார்கள் என்கிறார். ஒரு ஊழியக்காரர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிற கதையா இது! கூடைக்குள் சுருண்டு உட்கார்ந்து தப்பி ஓடியதை, தன்னை ஏற்கெனவே அற்பமாய்ப் பேசுகிற சபைக்கே எழுதி அனுப்புகிறார்.

அதற்கு அடுத்துத்தான் முள் வருகிறது. மாம்சத்திலே ஒரு முள். அது நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டேன் என்கிறார். "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்று பதில் வந்தது. இந்த வசனத்தை நாம் காலண்டரில் போடுகிறோம், வருஷப் பிறப்பு வாக்குத்தத்த அட்டையில் அச்சடிக்கிறோம். அது எந்தச் சூழ்நிலையில் வந்த பதில் என்பதை மறந்துவிடுகிறோம். கேட்டது கிடைக்காதபோது வந்த பதில் அது. முள் போகவில்லை. மூன்றுதரம் ஜெபித்தும் போகவில்லை என்பதைப் பவுல் மறைக்கவும் இல்லை. அந்தக் கடிதம் கொரிந்து சபையார் எல்லாரும் கேட்கும்படி வாசிக்கப்பட்டிருக்கும். நம் ஊர் உபவாசக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "மூன்றுதரம் ஜெபித்தேன், சுகமாகவில்லை, கர்த்தர் கிருபை போதும் என்றார், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் யாராவது கைதட்டுவார்களா?

இன்னொன்றையும் கவனியுங்கள், உங்கள் விஷயத்துக்கு இது முக்கியம். அந்த முள் என்னவென்று பவுல் சொல்லவே இல்லை. கண் வியாதியா, மலேரியாவா, வலிப்பா, ஓயாமல் துரத்திய எதிராளிகளா என்று இன்றுவரை ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள். முள் இருக்கிறது, ஜெபித்தேன், போகவில்லை, கிருபையில் நிற்கிறேன் என்பதுவரைக்கும் சொல்கிறார், அதற்குமேல் தனக்குள் வைத்துக்கொள்கிறார். உண்மையாய் இருப்பதென்றால் எல்லாவற்றையும் எல்லாருக்கும் திறந்து காட்ட வேண்டும் என்று பயப்படாதீர்கள். பவுல் அவ்வளவு தூரம் போகவில்லை. அதற்காக முள்ளே இல்லாதவர்போல நடிக்கவும் இல்லை.

நம்மால் ஏன் அப்படி இருக்க முடிவதில்லை என்று ரொம்ப யோசித்திருக்கிறேன். சரியாக நடந்துகொண்டால், நன்றாக இருந்தால், தேவன் ஏற்றுக்கொள்வார் என்று உள்ளுக்குள் நம்புகிறோம். வாயில் கிருபை என்கிறோம், மனசில் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறோம். சொத்தையெல்லாம் அழித்துவிட்டு வீடு திரும்புகிற இளைய குமாரனைப் பற்றி இயேசு சொன்ன கதையில் நடப்பதை வரிசையாகப் பாருங்கள். அவன் மன்னிப்புக் கேட்பதற்கு வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு வருகிறான். ஆனால் அவன் தூரத்தில் வரும்போதே தகப்பன் கண்டு, ஓடி, கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்துவிடுகிறார். அதற்குப் பிறகுதான் மகன் வாயைத் திறக்கிறான். முத்தம் முதலில், அறிக்கை பிறகு. நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்தார் என்று ரோமர் 5 சொல்வதும் இதே வரிசைதான். கடன் அடைந்துவிட்டவன் கணக்கு நோட்டை யார் முன்னாலும் விரித்துவைப்பான். அடையாத கடனைத்தான் மறைக்க வேண்டியிருக்கிறது. சிலுவையில் எல்லாம் செலுத்தித் தீர்ந்தது என்று விசுவாசிக்கிற நாம், இன்னும் பாக்கி இருப்பவர்கள்போல நோட்டை ஒளித்துவைத்துக்கொண்டு நிற்கிறோம்.

உங்கள் மனச்சோர்வு பாவம் இல்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கத் தேவையே இல்லை, அது நோய். பாவத்தைப் பற்றியும் நோயைப் பற்றியும் ஒரே மூச்சில் பேசுகிறேனே என்று நினைத்துவிடாதீர்கள். மறைக்கிற பழக்கம் இரண்டிலும் ஒரே மாதிரி வேலை செய்வதால்தான் சேர்த்துச் சொல்கிறேன். குடிக்கிறவர் பாட்டிலை மறைக்கிறார், நீங்கள் மாத்திரையை மறைக்கிறீர்கள். ஒன்று குற்றம், இன்னொன்று மருந்து. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துப் பெஞ்சில் ஒரே சிரிப்போடு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

நீங்கள் கட்டாயம் பாடியிருக்கும் ஒரு பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். "இம்மானுவேலின் இரத்தத்தால் நிறைந்த ஊற்றுண்டே." நம் சபைகளில் திருவிருந்து ஆராதனையில் அடிக்கடி பாடுகிற பாட்டு. அதை ஆங்கிலத்தில் எழுதியவர் வில்லியம் கூப்பர். 1731-இல் பிறந்தவர், தகப்பனார் சபைக் குரு. ஆறு வயதில் தாயை இழந்தார். 1763-இல் பாராளுமன்றத்தில் ஒரு எழுத்தர் வேலை அவருக்குக் கிடைக்கிற நிலை வந்தது. அதற்குப் பிரபுக்கள் சபைக்கு முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். அந்தப் பயத்திலேயே நிலைகுலைந்து, உயிரை விட முயன்றார். செயின்ட் ஆல்பன்ஸ் என்ற ஊரில் டாக்டர் கோட்டன் என்பவர் நடத்திய மனநோய் விடுதியில் சேர்த்தார்கள். அங்கேதான் 1764-இல் ஒருநாள் ரோமர் 3-ஆம் அதிகாரம் கண்ணில் பட்டது, கிருபாதார பலியை, அதாவது நம் பாவத்துக்குப் பரிகாரமான கிறிஸ்துவின் பலியைப் பற்றிய வசனம். அதை வாசித்துத்தான் அவருக்கு வெளிச்சம் வந்தது. இதுவரைக்கும் நம் சாட்சிக் கூட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும். நாமாக இருந்தால் கதையை இங்கேயே நிறுத்தி அல்லேலூயா சொல்லிவிடுவோம்.

கதை நிற்கவில்லை. 1767-இல் கூப்பர் ஓல்னி என்ற சிற்றூரில் குடியேறினார். அங்கே குருவாக இருந்தவர் ஜான் நியூட்டன், ஒரு காலத்தில் அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பலின் தலைவர். இருவரும் சேர்ந்து சபைக்குப் பாட்டு எழுத ஆரம்பித்தார்கள். 1773 தொடக்கத்தில் கூப்பருக்கு நோய் திரும்பியது. தேவன் தன்னைத் தள்ளிவிட்டார், இனி தனக்கு இரட்சிப்பு இல்லை என்று ஒரு கனவுக்குப் பிறகு உறுதியாக நம்பத் தொடங்கினார். கிருபை உண்டு, எல்லாருக்கும் உண்டு, தனக்கு மட்டும் இல்லை. அந்த எண்ணம் பிறகு அவரை முழுதாக விட்டதே இல்லை. கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். அந்த ஏப்ரலில் நியூட்டனின் வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போக மறுத்து, அடுத்த ஆண்டு மே மாதம் வரை அங்கேயே தங்கினார். அதற்கு நடுவிலும் உயிரை விட முயன்றார். நியூட்டனும் அவர் மனைவியும், கூப்பரைப் பல ஆண்டுகள் தாயைப்போலப் பார்த்துக்கொண்ட மேரி அன்வின் அம்மாளும் மாறி மாறிக் கூடவே இருந்தார்கள்.

ஒரு வருஷத்துக்கு மேல், தேவன் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று தினமும் சொல்கிற ஒரு மனுஷனை வீட்டில் வைத்திருக்கிறார் ஒரு சபைக் குரு. சபையார் என்ன நினைப்பார்கள் என்று அவர் வெளியே அனுப்பவில்லை. 1779-இல் பாட்டுப் புத்தகம் அச்சானபோது கூப்பர் எழுதியவற்றை எடுத்துப் போட்டுவிடவும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் அவர் பெயரின் முதல் எழுத்தை அடையாளமாகப் போட்டு அச்சிட்டார். முன்னுரையில், இந்தப் புத்தகம் எங்கள் நட்பின் நினைவாக இருக்கட்டும் என்று ஆரம்பித்தோம், என் நண்பரின் நீண்ட சுகவீனத்தால் வேலை தடைப்பட்டது, நானும் மனமுடைந்துபோனேன் என்ற பொருளில் எழுதினார். பாட்டுப் புத்தகத்தின் முன்னுரையிலேயே நோயைச் சொல்லிவிட்டார். யாருடைய நாமமும் அதனால் தூஷிக்கப்படவில்லை. இருநூறு வருஷம் தாண்டி, நாம் தமிழில் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறோம்.

கூப்பர் 1800-இல் இறந்தார். கடைசிவரை அவர் மனம் தெளியவில்லை. நம் ஆட்கள் விரும்புகிற மாதிரி முடியாத கதை இது, அதனால்தான் நமக்கு இது தேவை. கிருபையை அவரால் உணர முடியவில்லை என்பதால் கிருபை இல்லாமல் போய்விடவில்லை. அவரால் விசுவாசிக்க முடியாத வருஷங்களில் நியூட்டனும் அன்வின் அம்மாளும் அவருக்காக விசுவாசித்தார்கள். மாற்கு 2-இல் நாலு பேர் கூரையைப் பிரித்து ஒரு திமிர்வாதக்காரனை இறக்கினபோது, இயேசு கண்டது "அவர்கள் விசுவாசத்தை." படுத்துக்கிடந்தவனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. காலையில் எழுந்திருக்க முடியாத நாளில் உங்கள் விசுவாசத்தை அளந்து பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், சகோதரி. உங்களுக்காகக் கூரையைப் பிரிக்கிறவர்கள் வேண்டும். நீங்கள் படுத்திருப்பது யாருக்குமே தெரியாவிட்டால் யார் வந்து தூக்குவார்கள்?

உங்கள் சபைப் பெரியவர் சொல்வதற்கு வருகிறேன். தேவனுடைய நாமம் உங்களால் தூஷிக்கப்படுகிறது என்ற வார்த்தை ரோமர் 2:24-இல் வருகிறது. அதற்கு மேலே மூன்று வசனம் ஏறிப் போய் வாசியுங்கள். பிறருக்குப் போதிக்கிற நீ உனக்குத்தானே போதியாமலிருக்கலாமா என்று கேட்கிறார். களவு செய்யக்கூடாது என்று பிரசங்கித்துவிட்டுக் களவு செய்கிறவர்களிடம் பேசுகிறார். அங்கே நாமத்துக்கு அவமானம் கொண்டுவருவது வெளிவேஷம். என்னால் முடியவில்லை, எனக்காக ஜெபியுங்கள் என்று சொன்ன ஒருவரால் தேவனுடைய நாமம் தூஷிக்கப்பட்டதாக வேதத்தில் நான் வாசித்ததில்லை. "என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கதறின தகப்பனை இயேசு கடிந்துகொள்ளவில்லை, பிள்ளையைச் சுகமாக்கி அனுப்பினார். இப்படிப் பேசினால் ஜனங்கள் பாவத்தில் துணிந்துவிடுவார்கள் என்பார்கள். கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாமா, கூடாதே என்று பவுல் ரோமர் 6-இல் பதில் சொல்லிவிட்டார். தன் பாவத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறவன் அதில் நிலைத்திருக்க விரும்புகிறவன் அல்ல. இருட்டில் வைத்துக் காப்பாற்றுகிறவனைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு சபையில், வருஷக் கடைசி ராத்திரி ஆராதனையில் நடந்ததைச் சொல்கிறேன். சாட்சி நேரம். ஒவ்வொருவராக எழுந்து, இந்த வருஷம் முழுவதும் கர்த்தர் ஒரு குறையும் இல்லாமல் நடத்தினார், பிள்ளைக்கு வேலை கிடைத்தது, வீடு கட்டி முடித்தோம் என்று சொன்னார்கள். எல்லாம் உண்மையான நன்றிதான். பின் பெஞ்சிலிருந்து ஒரு தச்சுவேலைக்காரர் எழுந்தார். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார், மைக் தர வந்த பையனை வேண்டாம் என்று தள்ளினார். "நான் இன்னும் குடிக்கிறேன். போன வாரம்கூடக் குடிச்சேன். விட முடியல. ஜெபம் பண்ணிக்கிடுங்க." அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். கோயிலில் சத்தமே இல்லை. முன்னால் இருந்த ஒருவர் சங்கடத்தை மூட ஒரு கோரஸை எடுத்துக் கொடுத்தார். சபையை நடத்துகிற உபதேசியார் கையைக் காட்டி அதை நிறுத்தினார். வயதானவர், முழங்கால் வலிக்காரர். ஒவ்வொரு பெஞ்சாகப் பிடித்துக்கொண்டே பின்னால் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மைக் இல்லாமல் ஜெபித்தார், முன்னால் இருந்தவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது, யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அந்த மனிதர் அதோடு திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். இல்லை. அதற்குப் பிறகும் விழுந்தார். ஆனால் விழுந்த மறுநாள் உபதேசியார் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருவார், அது மட்டும் தவறவில்லை. முன்பெல்லாம் குடித்தால் மாதக்கணக்கில் கோயில் பக்கமே வரமாட்டார் என்று அவர் மனைவி சொன்னார். பிற்பாடு சிகிச்சைக்கும் போனார், உபதேசியாரே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். அந்த ராத்திரிக்குப் பிறகு சபையில் வேறு சிலரும் உபதேசியாரைத் தனியாகத் தேடிப் போனார்கள். கந்துவட்டியில் மாட்டியிருந்த ஒருவர், பிள்ளையோடு பேச்சுவார்த்தை அறுந்துபோன ஒரு தாய். அவர்கள் பெயரோ விவரமோ யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

ஒவ்வொரு ஞாயிறும் நம் ஆராதனை முறையில், தப்பிப்போன ஆடுகளைப்போல வழிதவறிப் போனோம் என்று எல்லாரும் சேர்ந்து அறிக்கை செய்கிறோமே. 1552-ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தில் முதன்முதலாக வந்த ஜெபம் அது. பாவஅறிக்கை சொல்லாமல் ஆராதனைக்குள் போகவே கூடாது என்று அன்றைக்கே ஏற்பாடு செய்துவைத்திருக்கிறார்கள். குருவானவரும் சேர்ந்துதான் சொல்கிறார். முழங்காலில் இருக்கும்போது எல்லாரும் ஒரே நிலை. எழுந்து வெளியே வந்து செருப்பைத் தேடும்போது மட்டும் யாருக்கும் ஒரு குறையும் இல்லாமல் போய்விடுகிறது. அந்த அறிக்கையை வாசல் வரைக்குமாவது கொண்டுவந்தால் நம் சபைகள் எவ்வளவோ மாறும்.

யாரிடம் சொல்வது? கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். நம் ஊரில் ஒரு ஜெபக்குறிப்பு கொடுத்தால் சாயங்காலத்துக்குள் நாலு தெரு சுற்றிவிடும். அதுவும் உண்மை. உங்கள் வீட்டுக்காரரின் பயம் வெறும் பயம் இல்லை, பெண் பார்க்க வருகிற வீட்டார் எப்படி விசாரிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள் என்று யாக்கோபு எழுதியது சபை மேடைக்கு மட்டும் இல்லை. ஜெர்மனியில் போன்ஹோபர் என்ற இறையியலாளர் ஃபிங்கன்வால்டே என்ற இடத்தில் குருமாணவர்களுக்குப் பயிற்சி நடத்தியபோது, ஒருவர் இன்னொருவரிடம் தனியாக அறிக்கை செய்கிற பழக்கத்தைக் கொண்டுவந்தார். மாணவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. ஒருநாள் அவரே தன் அறிக்கையைக் கேட்கும்படி ஒரு மாணவரைக் கேட்டுக்கொண்டார், அதில் எந்த அனுபவமும் இல்லாத ஒருவரை. மனந்திரும்பாமலே மன்னிப்பை எதிர்பார்க்கிற மலிவான கிருபையைக் கடுமையாக எதிர்த்து 1937-இல் எழுதியவர் இவர்தான். பக்திமான்களாகவே கூடிவாழ்கிற சபையில் பாவியாக இருக்க யாருக்கும் இடமில்லாமல் போகிறது என்று வருத்தப்பட்டு எழுதியவரும் இவர்தான். இரண்டும் ஒரே மனுஷனிடமிருந்து வந்தவை என்பதை உங்கள் சபைப் பெரியவருக்குச் சொல்லலாம்.

உங்கள் ஐக்கியத்திலேயே ஒருவர் இருப்பார். மற்றவர்களின் கஷ்டத்தை உங்களிடம் வந்து கதையாகச் சொல்லாதவர், கேட்டுவிட்டு உடனே வசனத்தை எடுத்து நீட்டாதவர். அநேகமாகப் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் போங்கள். முழுவதும் சொல்ல வேண்டியதில்லை. "எனக்கு ரொம்ப நாளாகச் சரியில்லை, மருந்து எடுக்கிறேன்" என்பது போதும். அதற்கு அவர் என்ன செய்கிறார் என்று பார்த்து மற்றதைச் சொல்லலாம். வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே, இவரிடம் சொல்லப்போகிறேன் என்று தெரிவித்துவிடுங்கள், அவருக்கும் அந்தச் சுமையைத் தனியாகத் தூக்குவது கஷ்டமாகத்தான் இருக்கும். மகளோடும் பேசுங்கள். வரன் வீட்டில் எதை, எப்போது சொல்வது என்பதை மூன்று பேரும் சேர்ந்து முடிவுசெய்யுங்கள், அவளுடைய வாழ்க்கை அது. ஆனால் அம்மா மாத்திரை எடுப்பது வெட்கக்கேடு என்ற எண்ணத்தோடு அவள் இன்னொரு வீட்டுக்குப் போகக்கூடாது. நாளைக்கு அவளுக்கே ஒரு கஷ்டம் வந்தால் அவளும் அரிசி டின்னுக்குப் பின்னால்தான் தேடுவாள்.

பொறுப்பிலிருந்து விலகலாமா என்று கேட்டீர்கள். மனச்சோர்வு இருக்கிறது என்ற காரணத்துக்காக விலக வேண்டாம். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றார். தூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், திரும்ப எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். அதன்பிறகு கர்த்தர் எலியாவின் ஊழியத்தைப் பறிக்கவில்லை, கூட எலிசாவைக் கொடுத்தார். நீங்களும் அப்படிச் செய்யலாம். கணக்கு, அறிக்கை, வருஷாந்திரக் கூட்ட ஏற்பாடு போன்ற ஓடியாடும் வேலைகளுக்கு ஒரு துணைச் செயலாளரைக் கேளுங்கள். டாக்டர் ஒரு மாதம் ஓய்வு எடுக்கச் சொன்னால் எடுங்கள், உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், அது பொய் இல்லை.

அடுத்த கூட்டத்தில் வேதவாசிப்பு உங்கள் முறை வந்தால் சங்கீதம் 88-ஐ வாசியுங்கள். ஆறுதல் இல்லாமலே முடிகிற சங்கீதம் அது. சிநேகிதனையும் தோழனையும் தூரமாக விலக்கினீர், அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்றதோடு நின்றுவிடுகிறது. அதை இராகத்தலைவனிடம் கொடுத்து ஆலயத்தில் பாடவைத்தார்கள். வாசித்துவிட்டு விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். கூட்டம் முடிந்தபிறகு யார் உங்களிடம் வந்து பேசுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

டாக்டரைப் பார்த்தபிறகு அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். உங்களுக்காகவும் வீட்டாருக்காகவும் ஜெபிக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சகோதரன்